ஏலமலைப் பாதைகளில் ஆர்கானிக் மேப்ஸ் வரைபடச் செயலி: கம்பத்திலிருந்து ஒரு மதிப்பீடு

கம்பத்தில் ஏலக்காய் வாங்கி விற்கிறவன் நான். ஆடியில் தொடங்கி மாசி வரை வாரத்தில் பாதி நாள் மலைக்கு மேலே, கேரளப் பக்கத்தில்தான் இருப்பேன்: வண்டன்மேடு, அணக்கரை, நெடுங்கண்டம், உடும்பஞ்சோலை, சில நேரம் போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை. சிறு விவசாயிகளின் ஸ்டோருக்கே (காயை உலர்த்தும் கூடம்) போய், உலர்ந்த காயைக் கையில் அள்ளிப் பார்த்து, நிறமும் பருமனும் சரியென்றால் அங்கேயே விலை பேசுவது என் வழக்கம். யாரிடம் நல்ல காய் இருக்கிறது, யாருக்கு அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது, யார் புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்துக்கு அனுப்பாமல் இருப்பு வைத்திருக்கிறார் என்பதெல்லாம் இந்தத் தொழிலில் வெளியே பேசாத சங்கதிகள். அணக்கரைப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, நீங்கள் இங்கே வந்து போனது நம் இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும்." அவர் போட்டி வியாபாரிகளை நினைத்துச் சொன்னார். எனக்கோ சட்டைப் பையில் இருந்த போன்தான் உறுத்தியது.

என் ஒரு நாள் வழித்தடம் கையில் கிடைத்தால் போதும், எந்த ஸ்டோரில் அரை மணி நேரம் நின்றேன், எந்த ஸ்டோரிலிருந்து ஐந்தே நிமிடத்தில் கிளம்பினேன் என்பதை வைத்தே யாருடைய காய் தேறியது, யாருடையது தேறவில்லை என்று தொழில் தெரிந்தவர் சொல்லிவிடுவார். இது வீண் பயம் அல்ல. போன் போய்வந்த இடங்களின் பதிவான இருப்பிட வரலாற்றைப் பயனர் நிறுத்தி வைத்த பிறகும் கூகுள் இருப்பிடத்தைச் சேமிப்பதை 2018ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. அதையொட்டி எழுந்த விசாரணையை, அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு 2022ல் அந்த நிறுவனம் முடித்துக்கொண்டது. 2023 டிசம்பரில், அந்த வரலாற்றைப் பயனரின் போனிலேயே வைக்கும் மாற்றத்தை அறிவித்தது. நல்ல மாற்றம்தான். ஆனாலும் இடத்தைத் தேடுவதும் வழி கேட்பதும் அவர்களுடைய சர்வர் வரை போய்த்தானே திரும்புகின்றன?

ஆகவே, கேள்வி போனை விட்டே வெளியேறாத ஒரு செயலியைத் தேடினேன். கிடைத்தது ஆர்கானிக் மேப்ஸ். இலவசம், விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை, பின்தொடரும் நிரல் எதுவும் உள்ளே இல்லை. மூல நிரல் வெளிப்படையாக இருப்பதால் தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் திறந்து சரிபார்க்கலாம். முன்பு மேப்ஸ்.மீ என்று ஒரு செயலி இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அது கைமாறிக் கைமாறி வேறு உருவம் எடுத்தபோது, அதை முதலில் உருவாக்கியவர்களே பழைய நிரலிலிருந்து கிளை பிரித்து 2021ல் வெளியிட்டதுதான் இது. வரைபடத் தரவு முழுவதும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வருகிறது. 2004ல் இங்கிலாந்தில் தொடங்கி, இன்று உலகெங்கும் தன்னார்வலர்கள் கூடி வரையும் பொது வரைபடம் அது.

எல்லைப் பகுதிக்காரர்கள் முதலில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வரைபடங்கள் மாநிலவாரியாகத் தனித்தனியாகத்தான் இறங்கும். 1956ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் உடும்பஞ்சோலையும் கேரளத்தோடு நின்றன. ஆனால் நம் ஆட்கள் இன்றும் விடியற்காலையில் ஜீப் ஏறி அந்தத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறார்கள். செயலிக்கு அந்தக் கோடு மட்டும்தான் தெரியும். தமிழ்நாட்டு வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு கம்பமெட்டு ஏறினால், சோதனைச் சாவடி தாண்டியதும் திரை வெறுமையாகிவிடும். இரண்டு மாநிலத்தையும் வீட்டு வைஃபையில் இறக்கிவிடுங்கள். சேர்ந்து சில நூறு எம்பி ஆகும். அதன் பிறகு வழி கேட்க இணையமே தேவையில்லை.

மலையில் இதன் அருமை தெரியும். கம்பமெட்டுச் சாலையில் ஒரு வளைவில் தமிழ்நாட்டு டவர், அடுத்த வளைவில் கேரள டவர், அதற்கடுத்ததில் எதுவுமே இல்லை. இணையத்தை நம்பும் செயலி அங்கே சுற்றிக்கொண்டே நிற்கும். இதில் அம்புக்குறி நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சமிக்ஞையைப் போன் கேட்க மட்டுமே செய்கிறது, திருப்பி எதையும் அனுப்புவதில்லை. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதைத் தகவலை 30 விநாடிக்கு ஒரு முறை மீண்டும் மீண்டும் ஒலிபரப்புகிறது. இணைய உதவி இல்லாமல் அதை முழுதாக வாங்கிக்கொள்ள முதலில் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் மலையடிவாரத்தில், வானம் திறந்த இடத்தில், வண்டியைக் கிளப்பும் முன்பே செயலியைத் திறந்து வைத்துவிடுவது நல்லது. பாறைச் சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் போய்த் திறந்தால் இடம் பிடிக்கத் திணறும்.

அடுத்தது தோட்டப் பாதைகள். உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டுக்குள் புகுந்து போகும் மண் பாதை இருக்கிறது. வரைபடத்தில் அது சாதாரணப் பாதையாகவே இருந்ததால், செயலி அந்தக் குறுக்கு வழியையே காட்டிக்கொண்டிருந்தது. நேரில் போனால் பாதையின் குறுக்கே இரும்புச் சங்கிலி, பக்கத்தில் காவல்காரர் குடிசை. எஸ்டேட் வண்டி தவிர வேறு எதையும் விடமாட்டார். இதுபோன்ற திருத்தத்தைச் செயலிக்குள்ளேயே செய்ய முடியாது. கடை, பெட்ரோல் பங்க், திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைச் சேர்க்கலாம், பாதையைத் தொட முடியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் கணக்குத் தொடங்கி, சங்கிலி இருக்கும் புள்ளியில் தடையைக் குறித்து, பாதை தனியாருக்கு உரியது என்று பதிந்தேன். சில வாரங்கள் கழித்து வந்த புது வரைபடத்தை இறக்கியதும், வழி சங்கிலியைத் தவிர்த்துத் தார்ச்சாலையில் சுற்றிப் போனது. ஊர்க்காரன் ஒருவன் திருத்தியதை ஊருக்கே திருப்பிக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சாலை நெரிசல் இதற்குத் தெரியாது. சபரிமலை சீசனில் ஐயப்பன்மார் வண்டிகளைக் கம்பமெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்கிக் காவல்துறை ஒருவழிப் பாதையாக்குவது உண்டு. அந்த நாட்களில் இந்தச் செயலி எதுவுமே நடக்காதது போலக் குமுளி மலைப்பாதையில் ஏறச் சொல்லும். தேடலும் கறாரானது. எழுத்து கொஞ்சம் பிசகினால் ஊரே கிடைக்காது. புதிதாகத் திறந்த கடையை யாராவது பதிந்தால்தான் தெரியும். கட்டப்பனையில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று இதைக் கேட்பதில் பயனில்லை. உணவகங்களுக்குப் படமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

இதற்கு அடுத்து நான் போனில் வைத்திருப்பது ஓஸ்மேண்ட். 2010லிருந்து இருக்கிறது, அதே பொது வரைபடத்தில்தான் இயங்குகிறது. சாலை தார்ச்சாலையா மண்ணா, எந்தப் பாதையில் ஜீப் போகும் என்ற விவரமெல்லாம் வேண்டுமானால் இதற்கு ஈடு இல்லை. ஆனால் அமைப்புகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அவசரத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு ஏற்றதல்ல. பிளே ஸ்டோரில் உள்ள இலவசப் பதிப்பில் 7 வரைபடங்களுக்கு மேல் இறக்க முடியாது. திறந்த மூலச் செயலிகளுக்கான எஃப்-டிராய்டு களஞ்சியத்திலிருந்து எடுத்தால் அந்தத் தடை இல்லை. ஆர்கானிக் மேப்ஸின் நிர்வாகம் வெளிப்படையாக இல்லை என்று மனம் வருந்திய பங்களிப்பாளர்கள் சிலர் பிரிந்துபோய், 2025ல் கோமேப்ஸ் என்ற கிளையைத் தொடங்கினார்கள். பயன்பாட்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சமூகத்தின் கையில் நிர்வாகம் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அதையே எடுக்கலாம். மேஜிக் எர்த் நெரிசலையும் காட்டுகிறது, பின்தொடர்வதில்லை என்றும் சொல்கிறது. ஆனால் அதன் நிரல் மூடியே இருப்பதால் அந்தச் சொல்லை யாரும் சரிபார்க்க முடியாது. நம் நாட்டு மேப்பிள்ஸ் செயலியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் என் வாடிக்கையாளரின் விவரம் எந்த நாட்டு சர்வருக்கும் போகக் கூடாது என்பதுதான் என் தேவை.

செயலியை மாற்றினால் மட்டும் எல்லாம் மறைந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். போன் எந்த டவரோடு பேசுகிறது என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு எப்போதும் தெரியும். ஆண்ட்ராய்டு அமைப்பில் இருப்பிடத் துல்லியத்துக்கென்று தனி வசதி ஒன்று இருக்கிறது. அது சுற்றியுள்ள வைஃபை, டவர் விவரங்களை அனுப்பி இடத்தைக் கணிக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். வரைபடச் செயலிக்கு, பயன்படுத்தும்போது மட்டும் என்ற அனுமதியைக் கொடுங்கள். நெரிசல் பார்த்தே ஆக வேண்டிய நாளில் பிரவுசரில், கணக்கில் நுழையாமல், ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிடலாம். நான் கார்த்திகை, மார்கழியில் அப்படித்தான் செய்கிறேன்.

நான் போய்வரும் தடங்களில், சாந்தன்பாறையைச் சுற்றியுள்ள தோட்டப் பாதைகள் பல இன்னும் வரையப்படாமல் கிடக்கின்றன. அங்கே ஜீப் ஓட்டும் நண்பர்கள் ஆர்கானிக் மேப்ஸிலேயே வழித்தடத்தைப் பதிந்து, ஜிபிஎக்ஸ் கோப்பாக எனக்கு அனுப்பினால் நான் வரைந்து சேர்க்கிறேன். எந்த இடத்தில் சங்கிலி, எந்தப் பாலத்தில் லாரி ஏறாது என்று ஒரு வரி எழுதினால் போதும். அனுப்பும் முன்பு உங்கள் வீட்டு வாசலில் தொடங்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள்.