அப்பா அம்மாவுக்கு ஆபீஸ் காப்பீடா, தனிப் பாலிசியா?

2024 அக்டோபரில் என் பக்கத்து இருக்கைக்காரருக்கு வேலை போனது. சம்பளம் நின்றதைவிட அவரை அதிகம் உலுக்கியது, ஸ்டென்ட் வைத்திருந்த 70 வயது அம்மாவின் மருத்துவக் காப்பீடும் அதே நாளில் நின்றுபோனதுதான். புதுப் பாலிசிக்கு அவர் அலைந்த அலைச்சலைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதமே மதுரையில் இருக்கும் அப்பா அம்மாவுக்குத் தனியாக ஒன்று எடுத்தேன். ஆபீஸ் பாலிசியையும் விடவில்லை. ஆகவே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிற வாய்ப்பு எனக்கு இருக்கிறது.

விலையில் போட்டியே இல்லை. ஆபீஸ் பாலிசி 4 லட்சத்துக்கு, ஆண்டுக்கு 22,000 ரூபாய், சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். தனிப் பாலிசி 10 லட்சத்துக்கு 62,000 சொச்சம். ஆபீஸில் மருத்துவப் பரிசோதனை கிடையாது, சுகர், பிரஷர் எது இருந்தாலும் முதல் நாளே செல்லும். பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்களுக்குக் கட்டும் பிரீமியத்துக்கு வரிச் சலுகையும் இருக்கிறது.

ஆபீஸ் பாலிசியில் குத்துவது அறை வாடகை வரம்பு. போன ஆண்டு அம்மா கொல்லையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அந்தப் பாலிசியில்தான் சேர்த்தோம். நாளுக்கு 4,000 என்பது வரம்பு. கிடைத்ததோ 5,000 ரூபாய் அறை. இரண்டு நாளைக்கு 2,000 கைக்காசு, போகட்டும் என்று நினைத்திருந்தேன். டிஸ்சார்ஜ் அன்று பார்த்தால், டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் சேர்ந்த 45,000-த்திலும், அறை வாடகையில் வரம்பை மிஞ்சிய அதே விகிதத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 9,000, வெட்டியிருந்தார்கள். மருந்துக்கும் உள்ளே வைத்த பிளேட்டுக்கும் இந்த வெட்டு இல்லை. கையுறை, பஞ்சு வகையறா தனிக்கணக்கு. நான் எடுத்த தனிப் பாலிசியில் அறை வரம்பு இல்லை.

ஆனால் நான் முடிவெடுத்தது இதற்காக அல்ல, காத்திருப்புக் காலத்துக்காக. தனிப் பாலிசியில், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் கிடைக்க 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம். 2024 ஏப்ரலுக்கு முன் இது 48 மாதமாக இருந்தது. அந்த மாதங்களைக் காசு கொடுத்துக் குறைப்பதற்கும் எல்லாப் பாலிசியிலும் வழி இல்லை. எடுக்கும்போது அப்பாவுக்கு 61 வயது, சுகர் வந்து பத்து வருடம். அன்றே தொடங்கியதால் 64-ல் காத்திருப்பு முடியும். ஆபீஸ் போதும் என்று இருந்து, அவருடைய 66-ல் எனக்கு வேலை போயிருந்தால், முடிய 69 ஆகியிருக்கும். மாரடைப்பும் பைபாஸும் வந்து நிற்கிற வயதில் மூன்று வருடம் வெறுங்கை. ஆபீஸின் குழுப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் உடல்நிலையைப் பார்த்து ஏற்பதா வேண்டாமா என்பது அவர்கள் கையில்.

தனிப் பாலிசியில் இப்போது காத்திருக்கும் மூன்று வருடத்துக்கு ஆபீஸ் பாலிசிதான் குடை. இரண்டையும் சேர்த்துக் கட்டுவது வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் இப்படித்தான் கணக்கு ஒத்துவருகிறது.

விண்ணப்பத்தை நிரப்பும்போது அப்பா, "சுகர்னு எழுதாதடா, விலைய ஏத்திடுவான்" என்றார். ஏற்றினார்கள்தான். ஆனாலும் எழுதினேன், அவர் சாப்பிடும் சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினின் அளவு உட்பட. ஐந்து வருடம் தொடர்ந்து கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்தீர்கள் என்று கிளெய்மை மறுக்க முடியாது. மறைத்துவிட்டு அந்த ஐந்து வருடத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், பழைய மருந்துச் சீட்டு ஒன்றே பாலிசியைக் கவிழ்த்துவிடும்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருப்பவர்கள் இந்த இரண்டுக்கும் முன்னால் தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் பார்க்க வேண்டும். 5 லட்சம் வரை உண்டு, பிரீமியம் கிடையாது. எங்கள் தெருவில் ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்தது அந்த அட்டையில்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தனிப் பாலிசியில் நான் இதுவரை ஒரு கிளெய்ம்கூடப் போட்டதில்லை. கேட்டதும் கொடுப்பார்களா, இழுத்தடிப்பார்களா என்று அனுபவத்தில் சொல்ல எனக்கு வழி இல்லை. பிரீமியமும் இதே அளவில் நிற்காது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி போனதால் போன நவம்பரில் கொஞ்சம் மூச்சு விட்டேன். மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயிடம் முன்பே கலந்துபேச வேண்டும் என்பது 2025 ஜனவரியில் வந்த விதி. அந்தப் பத்துக்குள்ளேயே வருடாவருடம் ஏற்றினாலும், அப்பாவுக்கு 69 ஆகும்போது தொகை இரட்டிப்புக்கு மேல் போய்விடும். அதற்குள் 2027 நவம்பர் வந்து காத்திருப்பு முடிந்திருக்கும். அப்போது ஆபீஸ் பாலிசியை விட்டுவிட்டு அந்த 22,000-ஐ இந்தப் பக்கம் திருப்பலாம் என்று இருக்கிறேன்.