தமிழ்த் தலைப்புகளும் ஆங்கரும்: ஸ்பிங்க்ஸ், எம்கேடாக்ஸ் நெடுநாள் பயன்பாட்டில்

எழுத்துக் கோப்புகளிலிருந்து இணையக் கையேட்டை உருவாக்கும் கருவிகள் ஸ்பிங்க்ஸ், எம்கேடாக்ஸ். தமிழில் கையேடு எழுத இரண்டும் தாராளமாகப் போதும். தலைப்பிலிருந்து ஆங்கரை, அதாவது பக்கத்தின் ஒரு பகுதிக்கு நேரே இணைப்புக் கொடுக்க உதவும் பெயரை, தானாக உருவாக்கும் வசதியை மட்டும் இரண்டிலுமே நம்பக் கூடாது.

ஸ்பிங்க்ஸுக்கு அடியில் இயங்கும் டாக்யூடில்ஸ், ஆங்கரில் ஆஸ்கி எழுத்துகளை (ஆங்கில எழுத்து, எண் போன்றவை) மட்டுமே விட்டுவைக்கும். முழுத் தமிழ்த் தலைப்பில் எதுவும் மிஞ்சாததால் ஐடி1, ஐடி2 என்று எண் போட்டுவிடும். நடுவில் ஒரு பகுதியைச் செருகினால் பின்னால் உள்ளவை எல்லாம் ஒரு எண் தள்ளிப்போகும். வெளியிலிருந்து ஐடி4-க்குக் கொடுத்த இணைப்பு அப்போது வேறு பகுதியில் போய் இறங்கும். உடைந்தாலாவது இணைப்புச் சோதனையில் சிக்கும், இது சிக்காது.

எம்கேடாக்ஸிலும் இயல்பு நிலையில் வெறும் எண்தான், முன்னால் ஓர் அடிக்கோடு. தலைப்பை ஆங்கராக மாற்றும் யூனிகோடு ஸ்லக்கிஃபையை இயக்கினால் தமிழ் வரும், அதுவும் அரைகுறையாக. அது நம்பியிருக்கும் பைத்தான் மொழியின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துத் தொடரில் தேடும் வசதி) உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் ‘பதிவு’, ‘பதவி’ இரண்டும் ‘பதவ’ ஆகி, இரண்டாவதாக வருவதற்கு ஒட்டாக ஓர் எண் சேரும். தலைப்பு வரிசையை மாற்றினால் ஆங்கர்களும் ஆள் மாறிவிடும்.

குறிகள் எல்லாம் தப்பினாலும் முகவரி நீளும். ‘நிறுவுதல்’ என்பது யூடிஎஃப்-8-இல் 27 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டையும் % குறியோடு மூன்று எழுத்தாக எழுதும் சதவீதக் குறியீட்டில் 81 எழுத்து.

ஆகவே ஆங்கிலச் சிற்றெழுத்தில் குட்டிப் பெயராகக் கையால் வைப்பதே சரி. ஸ்பிங்க்ஸில் தலைப்புக்கு மேல்வரியில் இரண்டு புள்ளி, இடைவெளி, அடிக்கோடு, பெயர், முக்காற்புள்ளி. பிறகு ஒரு வெற்று வரி. பெயருக்குள் அடிக்கோடு வேண்டாம், எச்டிஎம்எல்லில் அது சிறுகோடாக மாறிவிடும். ஸ்பிங்க்ஸ் தானியங்கி ஐடியைப் பின்னுக்குத் தள்ளி, தலைப்பருகே உள்ள ¶ என்ற இணைப்புக் குறியிலும் நாம் வைத்த பெயரையே தருகிறது. யாரோ யோசித்துச் செய்த வேலை. எம்கேடாக்ஸில் ஆட்ரிப்யூட் லிஸ்ட் என்ற நீட்சியை இயக்கி, தலைப்பு வரியின் கடைசியில் நெளிவடைப்புக்குள் # போட்டுப் பெயர் எழுத வேண்டும்.

இப்படி வைத்த பெயரைச் சுட்டி இணைப்புத் தரும் ஸ்பிங்க்ஸ் குறியீடான ரெஃப், கோப்பின் பெயர் மாறினாலும் தாங்கும். இணைப்பின் சொற்களாகத் தலைப்பையே இழுத்துக்கொள்ளும். தமிழில் இங்கேதான் இடிக்கும்: இழுத்து வந்த தலைப்பு வேற்றுமை உருபை ஏற்காது. ‘நிறுவுதல்’ஐ ‘நிறுவுதலை’ ஆக்க வழியில்லை. இணைப்பை அடுத்து ‘பகுதியை’, ‘பகுதியில்’ என்று தனிச்சொல் போட்டு எழுதுவது நல்லது. பட எண்ணைக் காட்டும் நம்ரெஃபை மூடியதும் ‘இல்’ என்று ஒட்டி எழுதினால் குறியீடே புரியாமல் பச்சையாக அச்சாகும். மூடும் குறிக்குப் பின் வெற்றிடமோ நிறுத்தக்குறியோ வர வேண்டும் என்பது விதி. இடையில் ஒரு சிறுகோடு போதும். அதுவும் கண்ணை உறுத்தினால், பின்சாய்வுக்கோடும் ஓர் இடைவெளியும் போட்டால் அச்சில் ஒட்டியே வரும்.

இல்லாத பெயரைச் சுட்டினால் ஸ்பிங்க்ஸ் எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டுப் பக்கத்தை உருவாக்கிவிடும். கட்டளையில் பெரிய டபிள்யூ (-W) விருப்பத்தோடு ஓட்டினால்தான் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளும். எம்கேடாக்ஸ் ஆங்கரைச் சரிபார்ப்பது 1.6 பதிப்பிலிருந்துதான். அந்தச் சோதனையின் அமைப்பில் இயல்பு மதிப்பு வெறும் தகவல்; அதை ‘வார்ன்’ (எச்சரிக்கை) ஆக்கி, எச்சரிக்கையையும் பிழையாக எடுக்கும் ஸ்ட்ரிக்ட் முறையில் பில்ட் செய்யுங்கள்.