தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சிடி, கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடை

வேலை சுத்தம், சிடியைக் கீறாமல் திருப்பித் தருகிறார்கள். ஆனால் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால் 128 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் தரவு என்ற அளவு) எம்பி3 ஆகத்தான் வரும், நல்ல ஹெட்போனில் கேட்டால் ஜால்ரா சத்தமெல்லாம் கரைந்துபோன மாதிரி இருக்கும். அதனால் முதலிலேயே "ஃப்ளாக்கில் போடுங்க தம்பி" என்று சொல்லிவிடுங்கள்; ஃப்ளாக் (FLAC) என்பது சிடி ஒலியை அப்படியே வைத்துச் சுருக்கும் ஃபைல் வகை. "இடம் ஜாஸ்தி பிடிக்கும்ண்ணா" என்பார், பிடிக்கட்டும்.

ஆடியோ சிடியில் இருப்பது 1,411 கேபிபிஎஸ். ஃப்ளாக் அதைப் பெரும்பாலும் பாதியளவுக்குச் சுருக்கினாலும் ஒலியில் எதையும் தூக்கிப் போடாது, 2001 முதல் இலவசம் வேறு, பிறகு எம்பி3 வேண்டுமென்றால் அதிலிருந்தே எப்போதும் எடுத்துக்கொள்ளலாம். எம்பி3யை ஃப்ளாக் ஆக்கினால் ஃபைல்தான் பெருக்கும், போன ஒலி போனதுதான்.

காரில் கேட்க மட்டும் என்றால் 320 எம்பி3 தாராளம், பழைய ஸ்டீரியோ பலவற்றில் ஃப்ளாக் ஓடாது. கேசட் தேய்ந்திருந்தால் இரைச்சலும் சேர்ந்தே வரும், அதற்குக் கடையைக் குறை சொல்ல முடியாது.

குறை ஒன்றுதான்: பாட்டுப் பெயர் போட மாட்டார்கள், எல்லாம் 'டிராக் 01' என்றே இருக்கும். அப்புறம் நீங்களேதான் உட்கார்ந்து தட்ட வேண்டும்.