கார்டீனியாவுக்கு இரும்புத் தூள்: ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

இரும்புச் சத்துத் தூள் விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று தோழி கேட்டாள். அவள் ஜன்னலோரத்து கார்டீனியாவில் கொழுந்தெல்லாம் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதாம். என் செடியும் அப்படித்தான் கிடந்தது.

முதலில் ஒன்று, பாக்கெட்டில் ஈ.டி.டி.ஹெச்.ஏ என்று இருக்க வேண்டும், இரும்பு மண்ணில் வீணாகாமல் பிடித்துவைக்கும் பொருள் அது. அதே வேலைக்கான ஈ.டி.டி.ஏ வகை மலிவுதான், ஆனால் பி.ஹெச் (புளிப்பு-கார அளவு, எண் ஏற ஏறக் காரம்) 6.5-ஐத் தாண்டிய மண்ணில் அது இரும்பை விட்டுவிடும். கார்டீனியா கேட்பது 5 முதல் 6 வரை, நாம் ஊற்றுவதோ சென்னை போர் தண்ணீர், அதிலிருக்கும் பைகார்பனேட் தொட்டி மண்ணைக் காரமாக்கிக்கொண்டே போகிறது. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) போட்டாலும் அந்த மண்ணில் சீக்கிரமே துருவாகிவிடும், வேருக்குப் போய்ச் சேராது. மண்ணைப் புளிப்பாக்கக் காபிச் சக்கையை நம்பவே வேண்டாம், டிகாக்ஷன் இறங்கிய பிறகு அதில் புளிப்பு பெரிதாக மிஞ்சுவதில்லை.

இந்தத் தூள் வேலை செய்கிறது, அதில் குறையே சொல்ல மாட்டேன். அடுத்து வந்த துளிர் எண்ணெய் தடவிய மாதிரி கரும்பச்சையில் பளபளத்தது, மொட்டும் உதிராமல் நின்றது. முற்றிய மஞ்சள் இலைகள் முழுசாகத் தேறவில்லை, அதை எதிர்பார்க்கவும் கூடாது.

ஆனால் அந்த லேபிள்! முன்பக்கம் பெரிதாகத் தொட்டிச் செடிப் படம், திருப்பினால் ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று ஒரே ஒரு வரி. எட்டு அங்குலத் தொட்டிக்கு எவ்வளவு என்று யாரிடம் போய்க் கேட்பது? அளவு மீறினால் இலை நுனி கருகும் செடி இது. லிட்டருக்கு ஒரு கிராம், மாதம் ஒரு தடவை, மண் ஈரமாக இருக்கும்போது மட்டும் என்பதை நானாகத்தான் கண்டுபிடித்தேன். கரைசல் ரத்தச் சிவப்பு, ஒரு சொட்டு டைல்ஸ் இடுக்கில் இறங்கினால் தேய்த்தாலும் போகாது, அதைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை கிடையாது. வீட்டுக்குள் வைக்கிற செடிக்கென்று விற்கிறவர்கள் இதைக்கூடச் சொல்ல வேண்டாமா?

அவளை நூறு கிராம் மட்டும் வாங்கச் சொல்லிவிட்டேன். நான் இனி வாங்கப்போவதில்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையும் மழைத்தண்ணீரையும் பிடித்து ஊற்றி, மண்ணைப் புளிப்பாக்க அம்மோனியம் சல்பேட் உரம் ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்கப் போகிறேன், அதில் சரியாக வராவிட்டால் அப்புறம் யோசிக்கலாம்.