12 குழி கேக் பாப் மேக்கர்: மூன்று ஆண்டாகியும் போகாத ஒட்டியாணம்

குச்சியில் செருகி சாக்லேட் பூசும் குட்டி கேக் உருண்டைதான் கேக் பாப். அதைச் சுடும் இந்த இயந்திரத்தின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்ற கேள்வி மறுபடி வந்திருப்பதால், மூன்று ஆண்டாக இதை வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். மேலும் கீழும் சூடாகும் தட்டு, 12 குழி, நான்-ஸ்டிக் பூச்சு எல்லாம் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. அச்சாகாத ஒன்று, உருண்டையின் இடுப்பைச் சுற்றி விழும் ஒட்டியாணம்.

மாவு பொங்கும்போது மூடியைத் தூக்கும். கீலில் சற்று ஆட்டம் இருந்தாலே போதும், தட்டுகளின் நடுவே மாவு கசிந்து தகடாக வெந்துவிடும். புதிதில் நூல் கனத்தில் இருந்தது, கீல் தளரத் தளர நாடா அகலத்துக்கு வந்துவிட்டது. சாக்லேட் பூசினால் மறையும் என்று நம்ப வேண்டாம். பூச்சு அந்த விளிம்பில் தேங்கி இன்னும் எடுப்பாகக் காட்டும். கத்தரித்தாலோ உள்ளிருக்கும் துகள் வெளிப்பட்டு சாக்லேட்டில் உதிரும். பத்து உருண்டை முக்குவதற்குள் மொத்தமும் சொரசொரத்துப் போகும்.

ஓரளவு கட்டுப்படுத்த ஒரே வழி மாவின் அளவு. குழிக்குத் தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி. கூடினால் தகடு. முக்கால் கரண்டியாகக் குறைந்தால் மேல்பாதி தட்டைத் தொடாமல் வெளிறிச் சப்பையாகும். சாஸ் பாட்டிலில் நிரப்பிப் பிழிந்தால் அளவு தவறாது. கத்தரிப்பதானால் முழுக்க ஆறிய பிறகு கத்தரித்து, உலர்ந்த பிரஷ்ஷால் துகளைத் தட்டிவிடுங்கள்.

மைதா 120 கிராம், சர்க்கரை 100, பால் 120 மி.லி., எண்ணெய் 60 மி.லி., ஒரு முட்டை, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. இதில் 24 உருண்டை வரும். கோகோ வேண்டுமானால் மைதாவில் 25 கிராமைக் குறைத்து அந்த இடத்தில் கோகோவும், கூடுதலாக ஒரு மேசைக்கரண்டி பாலும் சேருங்கள். ஏலக்காய், ஆரஞ்சுத் தோல் துருவல் எல்லாம் மாவிலேயே போகட்டும். உருகிய சாக்லேட்டில் ரோஸ்மில்க் சிரப்பையோ தண்ணீர் கலந்த எசன்ஸையோ விட்டால் அந்த நொடியே திரண்டு கட்டியாகும். அப்படியானதை முக்கப் பயன்படுத்த முடியாது. சூடான கிரீம் ஊற்றிக் கலக்கி, கனாஷ் என்னும் குழைவான சாக்லேட் கிரீமாக்கிக்கொள்ளலாம்.

குச்சி நழுவுவது அடுத்த தொல்லை. இயந்திர உருண்டை பஞ்சு போன்றது, பிடிப்பு குறைவு. குச்சி நுனியை ஒரு சென்டிமீட்டர் சாக்லேட்டில் தோய்த்து, பாதி ஆழம் மட்டும் செருகி, ஃப்ரிட்ஜில் 15 நிமிடம் வையுங்கள். எடுத்ததும் முக்கினால், உருண்டை சூடேறி விரியும்போது பூச்சு வெடிக்கும். ஐந்து முதல் பத்து நிமிடம் வெளியில் இருக்கட்டும். 24-க்கு 350 கிராம் காம்பவுண்ட் சாக்லேட் (கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்ந்தது) போதும். அகலக் கிண்ணம் கூடாது, ஒடுங்கிய எவர்சில்வர் டம்ளர்தான் சரி. நேராக இறக்கி நேராகத் தூக்குங்கள், உள்ளே சுழற்றினால் உருண்டை கழன்றுவிடும். சாக்லேட் கெட்டியாக இருந்தால் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேருங்கள்.

நிறைகளையும் சொல்லியாக வேண்டும். கால் மணியில் 24, எல்லாம் ஒரே பருமன். தட்டின் நான்-ஸ்டிக் பூச்சு இன்னும் உரியவில்லை. எடுப்பதற்குப் பணியாரக் குச்சி மட்டுமே, கரண்டி பட்டதில்லை. இட்லி மாவு ஊற்றினால், திருப்பாமலே இருபுறமும் சிவந்த பணியாரம்! அதற்கு இதைவிடச் சுகமான சாமான் கிடையாது.

இருந்தும், கேக் பாப்புக்காக இதை வாங்காதீர்கள், பாதி விலைக்கு வந்தாலும். 2008-இல் அமெரிக்காவின் ஏஞ்சி டட்லி பரப்பிய கேக் பாப், கேக்கை உதிர்த்து ஃப்ராஸ்டிங் (கேக்கின் மேல் பூசும் இனிப்புக் கிரீம்) சேர்த்துப் பிசைந்து உருட்டுவது. கடித்தால் ஈரப்பதமாக, கெட்டியாக இருக்கும். இயந்திரம் தருவது மறுநாளே வறண்டுபோகும் குட்டி ஸ்பாஞ்ச். அரை கிலோ கேக் தூளுக்கு மூன்று மேசைக்கரண்டி ஃப்ராஸ்டிங்கில் தொடங்கி, பிடித்தால் பிடிபடும் பதம் வந்ததும் நிறுத்தி, 25 கிராமாக உருட்டினால் ஒட்டியாணமே வராது.

பணியாரத்துக்காகவாவது வேண்டும் என்பவர்கள் கடையிலேயே மூடிப் பாருங்கள். தட்டுகளுக்கு நடுவே ஒரு தாளை வைத்து, மூடிப் பூட்டி, இழுங்கள். தாள் தடையில்லாமல் உருவி வந்தால் வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள்.