காரை பெயர்ந்த பழைய மேல்தளம்: சுண்ணாம்பா, சிமெண்டா, ஃபால்ஸ் சீலிங்கா?

எங்களுடையது பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே மெல்லிய செங்கலைக் குத்தி நிறுத்தி, சுண்ணாம்பில் கட்டிய தளம். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை, அப்புறம் தட்டோடு. கீழ்ப்பக்கம் கட்டைகளுக்கு நடுவே பூசியிருந்த காரை பொரிந்து விழ ஆரம்பித்ததும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். நாங்கள் சுண்ணாம்பையே மறுபடி பூசினோம். இதே மாதிரி வீடு வைத்திருப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். கான்கிரீட் தளத்துக்கு இது பொருந்தாது. அங்கே பூச்சு விழுந்தால் பெரும்பாலும் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கும், வைத்தியமே வேறு.

எதைச் செய்தாலும் முதலில் மொட்டை மாடி ஒழுக்கை அடைக்க வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

ஃபால்ஸ் சீலிங் சீக்கிரம் முடியும், தூசி குறைவு, உயரமான அறையில் ஏசி போடுபவர்களுக்கு வசதி. ஆனால் உடைந்த காரை அப்படியே மேலே தொங்கிக்கொண்டிருக்கும். கரையான் ஏறினாலும் கட்டை உளுத்தாலும் கண்ணில் படாது. ஜிப்சம் பலகை நனைந்து தொய்ந்த பிறகுதான் ஒழுகுவதே தெரியும். அதற்குள் மரம் எவ்வளவு ஈரம் குடித்ததோ! நான் இதைப் போட்டு வாழ்ந்து பார்த்தவனில்லை; நல்ல ஆள் கையில், திறந்து பார்க்க வழி வைத்துச் செய்தால் இவ்வளவு மோசமாக இல்லாமலும் இருக்கலாம்.

சிமெண்ட் பூச்சுக்கு எந்தக் கொத்தனாரும் கிடைப்பார், செலவும் குறைவு. பார்வைக்கு உறுதியாகவும் இருக்கும். அந்த உறுதிதான் இங்கே தொல்லை. மழைக்கும் வெயிலுக்கும் தேக்குக் கட்டை கொஞ்சம் விரியும், சுருங்கும். சுண்ணாம்பு அதற்கு ஓரளவு வளைந்து கொடுக்கும். சிமெண்ட் கட்டையோரமாகவே கோடு போட்டு விரிசல் விடும்.

அதையாவது பொறுக்கலாம். ஓதத்தைப் பொறுக்க முடியாது. என் முடிவைத் தீர்மானித்தது அதுதான். பழைய செங்கலும் சுண்ணாம்பும் மழையில் ஈரத்தை இழுக்கும், வெயிலில் மெல்ல வெளியே விடும். கீழே சிமெண்டால் மூடினால் அந்த ஈரம் வெளியேறுவது மட்டுப்பட்டு, கட்டையிலும் ஓரத்துக் காரையிலும் தங்கும். மரத்தில் ஈரம் நூற்றுக்கு இருபதைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடித்து மக்க ஆரம்பிக்கும். அதிலும் கட்டையின் முனை, சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதி, காற்றே படாத இடம். பாரத்தைச் சுவரில் இறக்குவதும் அந்த முனைதான். எங்கள் வீட்டில் ஒவ்வொரு முனையையும் ஆணியால் குத்திப் பார்த்தார் கொத்தனார். மற்றதெல்லாம் இரும்பு மாதிரி நின்றன. ஒன்றில் மட்டும் ஆணி சுலபமாக இறங்கியது. அதையொட்டித்தான் யாரோ எப்போதோ சிமெண்ட் ஒட்டுப் போட்டிருந்தார்கள். சாம்பல் நிற ஒட்டு கல்லாக இருக்க, அதைச் சுற்றியிருந்த காரை விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தது. ஒரே ஒரு முனையை வைத்து முழுப் பழியையும் சிமெண்ட் மேல் போட முடியாது, ஒழுக்கும் அங்கே இருந்தது. ஆனாலும் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சுண்ணாம்பில் இன்னொரு லாபம், விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். கையால் தட்டிக்கொண்டே போனால் பிடிப்பு விட்ட இடம் பொள்ளலாகச் சத்தம் கொடுக்கும். அதை மட்டும் கொத்தி, செங்கலை நனைத்து, நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு என்று கலந்து, மெல்லிய பூச்சாக இரண்டு தடவை பூச வேண்டும். எங்கள் கொத்தனார் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் கலவை போட்டார். அது எவ்வளவு பலம் கூட்டும் என்று அளந்து சொல்ல என்னால் முடியாது.

குறை இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் கிடைப்பது கஷ்டம், காரைக்குடிப் பக்கம் விசாரித்தால் ஆள் அகப்படலாம். கூலியும் நாளும் கூடும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், அதனால் அவசரம் ஆகாது. ஒரு வாரமாவது லேசாகத் தண்ணீர் தெளித்து வாருங்கள், மின்விசிறியை நேரே ஓடவிடாதீர்கள். காய்ந்ததும் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்து மூடிவிடாமல் சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். தலைக்கு மேலே பூசும் வேலை என்பதால், பூசுபவருக்கும் சித்தாளுக்கும் கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சுண்ணாம்பு ஒரு சொட்டு விழுந்தாலும் கண் வெந்துவிடும்.