ஒரு சுவரில் அடர் பிரவுனா, நாலு சுவரிலும் வெளிர் பிரவுனா?

சின்ன வீட்டுக்குப் பிரவுன் அடிக்கலாம் என்று முடிவானதும் அடுத்து இரண்டு வழிகள் தெரியும். ஒரே ஒரு சுவருக்குச் சாக்லேட் போல அடர்ந்த பிரவுன் அடித்து மற்ற மூன்றையும் வெள்ளையாக விடலாம். இல்லையென்றால் நான்கு சுவருக்கும் காய்ந்த மண் போன்ற வெளிர் பிரவுன் அடிக்கலாம். எங்கள் வீட்டில் கூடத்துக்கு முதல் வழி, படுக்கையறைக்கு இரண்டாவது. போன முறை பெயின்ட் அடித்தபோது கூடமும் வெளிர் பிரவுனுக்கு வந்துவிட்டது. அதனால் நான் எந்தக் கட்சி என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை.

அடர் நிறம் அறையைச் சின்னதாகக் காட்டும், வெளிர் நிறம் பெரிதாகக் காட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அளவாகப் பார்க்க வேண்டுமென்றால் நிற அட்டையில் எல்.ஆர்.வி என்று ஓர் எண் இருக்கும். விழும் வெளிச்சத்தில் எவ்வளவைச் சுவர் திருப்பித் தருகிறது என்பதை 0 முதல் 100 வரை சொல்லும் எண் அது. நல்ல வெள்ளைக்கு 80-க்கு மேல், வெளிர் பிரவுனுக்கு ஏறத்தாழ 50, அடர் பிரவுனுக்குப் பெரும்பாலும் 10-க்கும் கீழே. ஜன்னலுக்கு நேர் எதிரே உள்ள சுவரை அடர் பிரவுனாக்கினால், உள்ளே வருகிற வெளிச்சத்தை முதலில் விழுங்குவது அதுதான். ஜன்னல் இருக்கும் சுவரையே அடர்த்தியாக்கினால் பகலில் கண் கூசும். ஆக, பக்கச் சுவர்தான் மிச்சம்.

அடர் பிரவுனுக்கு உரிய பெருமையையும் சொல்லிவிட வேண்டும். இரவில் மஞ்சள் விளக்கைப் போட்டால் அந்தச் சுவருக்கு வரும் அழகு வெளிர் நிறத்துக்கு வரவே வராது. டிவியின் கறுப்புச் செவ்வகம் அதில் கரைந்துவிடும். ஒரு சுவர் என்பதால் வேலையும் சீக்கிரம் முடியும். முதல் சில மாதங்கள் வருகிறவர்கள் எல்லோரும் அந்தச் சுவரைப் பற்றித்தான் பேசுவார்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு என்ன ஆகும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெரிய வீட்டில் சுவர் என்பது தள்ளி நின்று பார்க்கிற பொருள். சின்ன வீட்டில் அப்படியில்லை. நாற்காலி முதுகு அதில் உரசும், பை இடிக்கும், ஆள் ஒதுங்கி வழிவிடும்போது தோள் தேய்க்கும். கை எட்டாத சுவர் என்று ஒன்று இருக்காது. அதனால் எந்த நிறம் அழகு என்பதைவிட எந்த நிறத்தைச் சுலபமாக டச்-அப் செய்யலாம், அதாவது கெட்ட இடத்தை மட்டும் பெயின்டால் தொட்டுச் சரிசெய்யலாம் என்பதே எனக்குப் பெரிய கேள்வி.

மேட் பெயின்டின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்போடு இருப்பதால்தான் பளபளப்பில்லாமல் தெரிகிறது. திரும்பத் திரும்பத் தேய்த்தால் அந்தச் சொரசொரப்பு படிந்து, அந்த இடம் மட்டும் மினுங்கும். வெளிர் சுவரிலும் இது நடக்கும்; ஆனால் சுவரே வெளிச்சத்தைத் திருப்பி வீசுவதால் மினுக்கம் அதில் மறைந்துவிடும். அடர் சுவரில் மறைய இடமில்லை. எங்கள் கூடத்தில் நாற்காலி உயரத்துக்கு ஒரு பட்டை, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கிக்கொண்டிருந்தது. துடைக்கத் துடைக்க அகலமானதுதான் மிச்சம்.

நகக்கீறலும் அப்படித்தான். மேல்தோல் லேசாக உரிந்தாலே அடர் பிரவுனில் வெள்ளைக் கோடு; பெயின்டுக்கு அடியில் பூசும் வெள்ளைப் பட்டி வரைக்கும் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். ஈரம் ஏறுகிற சுவரில் பூக்கும் உப்பும், தூசியும்கூட வெள்ளையாகவே தெரியும். வெளிர் பிரவுனோ கிட்டத்தட்ட தூசியின் நிறமே. ஸ்விட்ச் போர்டைச் சுற்றிப் படியும் கையழுக்கை மட்டும் அது மறைக்காது. அதற்கு ஈரத்துணி போதும், கழுவக்கூடிய பெயின்டாக இருந்தால்.

சரி, டச்-அப் செய்துவிடலாமே? அடர் பிரவுனில் வேதனை அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த நிறங்களைக் கலக்கும் அடிப்படைப் பெயின்டில் வெண்மையும் மறைக்கும் திறனும் தரும் டைட்டானியம் டை ஆக்சைடு மிகக் குறைவு. நிறம் முழுவதும் மேலே சேர்க்கும் சாயத்தை நம்பியே இருக்கிறது. கலவை அளவில் டப்பாவுக்கு டப்பா சின்ன வித்தியாசம் வந்தாலும் சுவரில் தெரிந்துவிடும். அதே டப்பாவில் மிச்சமிருந்த பெயின்டையே எடுத்தாலும், முன்பு ரோலரில் உருட்டிய இடத்தில் இப்போது பிரஷ்ஷால் தொட்டால் ஒட்டுப்போட்டதுபோல் நிற்கும். கடைசியில் ஒரு நகக்கீறலுக்காக மூலைக்கு மூலை முழுச் சுவரையும் அடிக்க வேண்டியதாகிறது. வெளிர் பிரவுனில் அதே வேலையைச் சின்ன ரோலரால் மெல்ல உருட்டி, ஓரத்தைக் காயவிடாமல் பரத்திவிட்டால் அடுத்த நாள் இடத்தைத் தேட வேண்டியிருக்கும். இரண்டு மூன்று டப்பா வாங்கினால் அடிக்கும் முன்பே ஒரே வாளியில் கலந்துவிடுங்கள். மூடியில் ஒட்டியிருக்கும் கலவைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

மனம் மாறினாலும் இதே கதைதான். அடர் பிரவுனை மூட நினைத்தபோது முதல் கோட்டுக்குப் பின்னும் பழைய நிறம் எட்டிப்பார்த்தது. இடையில் பிரைமர் என்னும் அடிப்பூச்சு ஒன்று அடித்திருந்தால் ஒரு கோட் மிச்சமாகியிருக்கும். வெள்ளையிலிருந்து அடர் பிரவுனுக்குப் போகிறவர்களும் பிரைமரிலேயே கொஞ்சம் நிறம் சேர்க்கச் சொல்லலாம். வெறும் வெள்ளைப் பிரைமர் மேல் இரண்டு கோட் பெரும்பாலும் போதாது.

வெளிர் பிரவுனுக்கும் ஒரு தொல்லை உண்டு, அது உள்நிறம்: பிரவுனுக்குள் ஒளிந்திருக்கும் வேறு நிறச் சாயல். பிரவுன் என்பது வெளிச்சம் குறைந்த ஆரஞ்சுதான். பக்கத்தில் அதைவிட வெளிச்சமான ஒன்று இருந்தால்தான் கண் அதைப் பிரவுன் என்று ஏற்கும். அதனால் கூரையும் கதவு நிலையும் வெள்ளையாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒரு சமயம் ரோஸாகவும் இன்னொரு சமயம் பாசியாகவும் தெரியும். 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் தேன் நிறம். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் அதே சுவர் சாம்பல் பூசிய சேறு. பெயின்டை மாற்றும் முன் பல்பை மாற்றிப் பாருங்கள். நான்கு சுவரும் ஒன்றின் நிறத்தை மற்றொன்றில் வீசுவதால் அட்டையில் பார்த்ததைவிட அழுத்தமாகத்தான் வரும். பிடித்த நிறத்துக்கு ஒரு படி மேலே உள்ள வெளிரை எடுப்பது உத்தமம். பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, பகலிலும் இரவிலும் சுவர் சுவராக நகர்த்திப் பார்த்தாலே பாதி குழப்பம் தீரும்.

மூன்றாவது வழியும் இருக்கிறது: சுவரெல்லாம் வெள்ளை, கதவும் நிலையும் மட்டும் பிரவுன். ஆபத்தில்லாத வழி, ஆசையும் தீராத வழி. கூரை உட்பட அறை முழுக்க அடர் பிரவுன் அடிப்பவர்களும் உண்டு. அப்படிப்பட்ட அறையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன், குடியிருந்ததில்லை. பிடித்திருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அடர் பிரவுனை லேசான பளபளப்புள்ள சாட்டின் ஃபினிஷில் அடித்தால் தேய்மானம் குறையும். ஆனால் பக்கவாட்டு வெளிச்சத்தில் பட்டியின் மேடுபள்ளமெல்லாம் வெளியே வந்துவிடும், அதனால் சுவர் வழுவழுப்பாக இருந்தால் மட்டும்.

அடர் பிரவுன்தான் வேண்டும் என்கிறவர்கள் யார் தோளும் உரசாத சுவராகப் பார்த்து அடிக்கலாம். உயரமான அலமாரிக்குப் பின்னால், அல்லது சோபா நகரவே நகராத பக்கம். படத்தில் எல்லோரும் காட்டும் கட்டில் தலைமாட்டுச் சுவரை மட்டும் விட்டுவிடுங்கள். தலைமாட்டுப் பலகை உயரமாக இல்லாவிட்டால், உட்கார்ந்து போன் பார்ப்பவரின் தலை எண்ணெய் மேட் பிரவுனில் வட்டமாகப் படியும். ஒரே கட்டிலில் இரண்டு பேர் என்றால் இரண்டு வட்டம்.